பொருள் பிறந்துகொண்டே இருந்தால் பிரபஞ்சம் விரியுமா?

கேள்வி: பிரபஞ்சத்தில் புதுசு புதுசாகப் பொருள் உருவாகிக்கொண்டே இருக்கிறது, அது பழையதைத் தள்ளுவதால்தான் பிரபஞ்சம் விரிகிறது என்று ஏன் சொல்லக் கூடாது? இந்தக் கருத்தை விஞ்ஞானிகள் வேண்டுமென்றே அமுக்கிவிட்டார்களா?

பதில்: யாரும் அமுக்கவில்லை ஐயா. 1948-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃப்ரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் மூவரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள், அடுத்த பதினைந்து வருஷம் உலகமே உட்கார்ந்து அதை விவாதித்தது. 'பிக் பேங்' (பெருவெடிப்பு) என்ற பெயரே, பிரபஞ்சம் ஒரு காலத்தில் தொடங்கியது என்ற எதிர்த்தரப்புக் கொள்கைக்கு 1949-இல் பிபிசி வானொலியில் ஹாயில் வைத்ததுதான்!

ஆனால் நீங்கள் சொல்லும் 'தள்ளுவது' அவர்கள் கணக்கில் கிடையாது. பஸ்ஸில் புது ஆள் ஏற ஏறப் பழைய ஆள் உள்ளே நகர்வது மாதிரி நினைத்துக்கொள்கிறீர்கள். பொருள் தள்ளாது, ஈர்க்கும்; அது கூடினால் விரிவு மட்டுப்படத்தான் செய்யும். அதனால்தான் இடமெங்கும் பரவிய, எதிர்மறை ஆற்றல் கொண்ட 'சி-புலம்' என்று ஒன்றை ஹாயில் சேர்க்க வேண்டியிருந்தது, விரிவடைய வைப்பது அந்தப் புலம். சரி, எவ்வளவு பொருள் பிறக்க வேண்டும்? ஒரு கன மீட்டர் இடத்தில் நூறு கோடி வருஷத்துக்குச் சுமார் ஒரு ஹைட்ரஜன் அணு! உங்கள் படுக்கையறை அளவு இடத்தில் ஒன்று பிறக்கச் சில கோடி வருஷம் காத்திருக்க வேண்டும், எந்தச் சோதனைக்கூடத்திலும் அது சிக்காது.

சிக்காததால் தோற்கவில்லை, வானத்தைப் பார்த்ததில் தோற்றது. விரிவதால் விழும் இடைவெளியைப் புதுப்பொருள் நிரப்புவதால் பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி என்பதுதான் அவர்கள் கொள்கை; அப்படியென்றால் பழைய காலமும் இன்று போலவே இருக்க வேண்டும். வானியலாளர் மார்ட்டின் ரைல் ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலை வீசும் வான்பொருள்களை, எண்ணியபோது தொலைவில், அதாவது பழைய காலத்தில், அவை அதிகமாக இருந்தன. அப்புறம் 1964-இல் நியூ ஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் ஆன்டெனாவில் விடாமல் கேட்ட இரைச்சலுக்குப் புறா எச்சம்தான் காரணமோ என்று சுரண்டிக் கழுவிப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் வரும், ஏறத்தாழ 3 கெல்வின் வெப்பநிலைக் கதிர்வீச்சு அது. பெருவெடிப்பின் மிச்சம் என்றால் இயல்பாகப் பொருந்துகிறது, ஹாயில் கட்சியிடம் நேரான பதில் இல்லை.

ஹாயிலின் மாணவர் நம்ம ஜயந்த் நார்லிகர் கடைசிவரை விடவில்லை. 1993-இல் ஹாயில், பர்பிட்ஜ் இருவரோடும் சேர்ந்து திருத்திய கொள்கையைக் கொண்டுவந்தார், நட்சத்திர ஒளியை விண்வெளியில் மிதக்கும் இரும்பு ஊசித்துகள்கள் உள்வாங்கி அந்தக் கதிர்வீச்சாக மாற்றின என்றார்கள். கோபே செயற்கைக்கோள் அளந்து வரைந்த அந்தக் கதிர்வீச்சின் வளைகோடோ அப்பழுக்கில்லாத கரும்பொருள் கதிர்வீச்சு, அதாவது ஒரே வெப்பநிலையில் இருக்கும் பொருள் வீசும் கதிர்வீச்சு. உங்கள் கருத்து நிற்க வேண்டுமானால் முதலில் அந்தக் கோட்டுக்குக் கணக்குச் சொல்லுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.