வாஷிங்டன் வேலை கேட்ட தம்பிக்கு

தம்பி, சென்னையில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்து, வாஷிங்டனுக்குப் பொதுக்கொள்கை படிக்க வந்து நாலு மாதம் ஆகிறது, உலக வங்கிக்கோ ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நாணய நிதியத்துக்கோ வேலைக்குப் போக யாரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். யாரையும் பிடிக்க வேண்டாம் என்றால் அது பொய். ஆனால் பிடித்த ஆள் "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்டால் சொல்ல ஒன்று வேண்டுமே.

ஐ.எம்.எஃப். எக்கனாமிஸ்ட் புரோகிராமுக்குப் பெரும்பாலும் பிஎச்.டி. வேண்டும். உலக வங்கியின் இளம் நிபுணர் திட்டம் 1963லிருந்து இருக்கிறது; ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும், எடுப்பது சில டஜன் பேரை. அதை நம்பி உட்காராதீர்கள். என்னைப் போல நிறையப் பேர் உலக வங்கிக்குள் நுழைந்தது எஸ்.டி.சி. என்கிற குறுகிய கால ஒப்பந்தத்தில்தான், நிதியாண்டுக்கு அதிகபட்சம் 150 நாள், வேலை செய்த நாளுக்குத்தான் காசு. அங்கே நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று ஜூன் மாதம் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. உங்கள் எஃப்-1 மாணவர் விசாவில், படித்த துறையில் வேலை பார்க்க ஓ.பி.டி. என்கிற அனுமதி 12 மாதம், படிப்பின் குறியீடு ஸ்டெம் என்கிற அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் கிடைக்கலாம், அதற்கு வேலை தருபவர் இ-வெரிஃபையில் (ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அரசின் இணைய முறை) இருக்க வேண்டும். இதை இந்த வாரமே கல்லூரியில் கேளுங்கள், கடைசி செமஸ்டரில் அல்ல.

சரி, தெரிய வேண்டியது என்ன? நான் இங்கே வருவதற்கு முன் ஊரில் கருவூலத்தில் பில் பாஸ் செய்துகொண்டிருந்தவன். அதைச் சொல்லவே கூச்சப்பட்டிருக்கிறேன், கூட இருந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் பொருளாதார மாடல் போடுகிறவர்கள். முதல் மிஷனில், அதாவது வேலையாக வேறு நாட்டுக்குப் போகும் பயணத்தில், ஆப்பிரிக்க நாடு ஒன்றின் நிதியமைச்சகத்தில் பத்து நாள் எக்ஸெலையே பார்த்துக்கொண்டிருந்தோம், பற்றாக்குறை அழகாகக் குறைந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம், "மார்ச் மாதம் எங்கள் ஊரில் பில்லை எல்லாம் பீரோவில் பூட்டிவிடுவோம், இங்கே எப்படி?" என்று அங்கிருந்த கணக்கரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே கீழ் டிராயரை இழுத்தார். சணல் கயிறு கட்டிய கட்டுகள், ரோடு போட்டவனுக்கும் மருந்து கொடுத்தவனுக்கும் தராத பணம். ரொக்கக் கணக்கில் கொடுத்த காசுதான் செலவு, கொடுக்காதது கண்ணிலேயே படாது. மாடலுக்கு அந்த டிராயர் தெரியாது.

ராஜா செல்லையாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1991 வரிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர். அவரும் ஐ.எம்.எஃப்.பில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்தான். திரும்புவதும் ஒரு வழி. ஏனென்றால் இங்கே நிரந்தர வேலையே கிடைத்தாலும் இந்த மாதிரி சர்வதேச அமைப்பு ஊழியர்களுக்குத் தரும் ஜி-4 விசா அந்த வேலையோடு கட்டியது, வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். மனைவியோ கணவரோ வேலைக்குப் போகத் தனி அனுமதி வேண்டும். அப்புறம் மிஷன், மிஷன் என்று ஓடுவதில் என் மகளின் மூன்று பிறந்தநாளை ஏர்போர்ட்டிலிருந்து வீடியோவில்தான் பார்த்தேன்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். தமிழ்நாடு பட்ஜெட்டையும் சி.ஏ.ஜி. என்கிற இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் மாநில நிதி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மின்வாரியத்தின் கடனுக்கு அரசு கொடுத்த உத்தரவாதம் எந்தக் கணக்கில் வருகிறது, எதில் வரவில்லை என்று தேடி இரண்டே பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். மூன்றாம் பக்கம் வந்தால் படிக்க மாட்டேன், அமைச்சர்களும் படிப்பதில்லை.