குப்பைமேனித் தைலத்துக்கு சர்டிபிகேட் வாங்கலாமா?

கேள்வி: குப்பைமேனி இலையைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, சொறி, சிரங்குக்குத் தெரிந்தவர்களிடம் கொடுத்து வருகிறேன். கடைகளில் வைக்க ஆசை. ஆன்டிஆக்ஸிடன்ட், ஆன்டிபாக்டீரியல் இரண்டுக்கும் சேர்த்து 25,000 ரூபாய், பத்தே நாளில் சர்டிபிகேட் என்கிறார் ஒருவர். கட்டலாமா? – வாசகி, கரூர்

பதில்: கட்டாதீர்கள். முன்பணம்கூட வேண்டாம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன்) சோதனை உங்களுக்குத் தேவையே இல்லை. ஊதாக் கரைசலில் இலைச்சாற்றை விடுவார்கள். ஊதா வெளுத்து மஞ்சளானால் ‘நல்ல ரிசல்ட்’. தேயிலை, கொய்யா இலை, நெல்லிக்காய், எதை விட்டாலும் மஞ்சளாகும். புண் ஆறுமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோற்காத சோதனை என்பதால்தான் புரோக்கர்கள் இதை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

கிருமிச் சோதனை செய்யலாம். சீழ்ப்புண்ணில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியை, தட்டில் உறைந்திருக்கும் அகார் என்ற கடற்பாசிக் கூழின் மேல் பூசி, மருந்து தொட்ட சிறு வட்டக் காகிதத்தை அதில் வைத்து, 37 டிகிரியில் ஓர் இரவு விடுவார்கள். காலையில் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரிந்தால் மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஏமாற்று இங்கேதான். அகாரில் பெரும்பகுதி தண்ணீர், எண்ணெய் அதில் பரவாது. அதனால் இலையை மெத்தனால் என்ற சாராய வகையில் ஊறவைத்த சாற்றைச் சோதித்துவிட்டு, அறிக்கையில் உங்கள் தைலத்தின் பெயரைப் போட்டுவிடுவார்கள். மெத்தனாலே கிருமியைத் தடுக்கும்! தட்டின் போட்டோவைக் கேட்டு வாங்குங்கள். இலைச்சாறு சேராத வெறும் கரைப்பான் (இங்கே மெத்தனால்) தொட்ட காகிதம் ஒன்றும், ஆன்டிபயாட்டிக் காகிதம் ஒன்றும் அதில் இல்லையென்றால் அந்த அறிக்கை செல்லாது. ஒரே தட்டின் படத்தை வெவ்வேறு ஆட்களின் அறிக்கையில் நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, சொறிக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, தோலுக்குள் குடையும் சிற்றுண்ணி. அதைப் பற்றி இந்தத் தட்டு எதுவும் சொல்லாது.

செலவு செய்வதானால் முதலில் செடியை உறுதிப்படுத்துங்கள். வேரோடு, பூங்கதிரோடு பிடுங்குங்கள். கதிரில் பல்விளிம்புள்ள பச்சைக் கிண்ணங்கள் தெரிய வேண்டும். செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் (Botanical Survey of India) தென் மண்டல மையத்தில் காட்டலாம். கிருமிச் சோதனைக்கான ஆய்வகத்தை நீங்களே நேரில் தேடுங்கள். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் முத்திரையை மட்டும் நம்பாமல், அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அரசுக் கல்லூரி ஆய்வகங்கள் விடுமுறையில் பூட்டிக் கிடக்கின்றன. வெளியாள் போய்க் கேட்டால் ‘துறைத்தலைவர் கடிதம் கொண்டுவா’ என்கிறார்கள். மாவட்டத்துக்கு ஓர் ஆய்வகம், வாசலில் ஒரு கட்டணப் பலகை, இவ்வளவு செய்தாலே பாதிப் புரோக்கர்கள் காணாமல் போவார்கள். அதைச் செய்யத்தான் ஆளில்லை.

எந்த அறிக்கையும் விற்பனை அனுமதி ஆகாது. நோயைத் தீர்க்கும் என்று லேபிளில் போட்டு விற்றால் அது மருந்து. 1940 ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி தயாரிப்பு உரிமம் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சளிக்கும் பூச்சிக்கும் குப்பைமேனிச் சாற்றைக் குழந்தைகளுக்குப் புகட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இது ஆபத்து. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகும். இலங்கையில் குப்பைமேனி சேர்ந்த கஞ்சி குடித்தவர்களுக்கு இப்படி நேர்ந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சோதனைக்குழாயில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் வாங்கும் அதே செடி, இவர்களின் சிவப்பணுக்களை ஆக்ஸிஜனேற்றத்தாலேயே சிதைக்கிறது. குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். புட்டியில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். குடிக்கலாமா என்று யார் கேட்டாலும் கூடாது என்று சொல்லுங்கள்.