படித்துறைப் பதில்கள்: தூண்டில்காரர்களும் படகுக்காரர்களும் கேட்டவை

சேரன்மகாதேவி வாசகர்: அண்ணாச்சி, ஆத்துல தூண்டி போட்டா மாவை எல்லாம் பொடிமீனே கொத்தித் தின்னுட்டுப் போயிருது. பெரிய கெண்டை ஒண்ணும் அகப்பட மாட்டேங்கு. கோளாறு மாவுலயா, இடத்துலயா?

பெரும்பாலும் இரண்டிலும்தான். முதலில் மாவைப் பார்ப்போம். பச்சை மாவு தண்ணீரில் இரண்டு நிமிடம் தாங்காது. பொடிமீன் நாலு கொத்து கொத்தினால் முள் வெறுமையாகிவிடும். கடலைப் பிண்ணாக்குப் பொடி 200 கிராம், வறுத்த தவிடு 100 கிராம், மைதா 100 கிராம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். அதை உருட்டி இட்லிக் கொப்பரையில் 10 நிமிடம் அவித்து, ஆறியபின் கையில் எண்ணெய் தொட்டு மறுபடி பிசைய வேண்டும். மைதா வெந்தால் ரப்பர் பதம் வரும். பொடிமீனால் பிய்க்க முடியாது, கெண்டை உறிஞ்சினால் உள்ளே போகும். சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டி, முள்ளின் நுனி மட்டும் மயிரிழை வெளியே தெரியும்படி கோத்துக்கொள்ளுங்கள். நுனி முழுக்க மாவுக்குள் புதைந்திருந்தால் கடித்தும் மாட்டாமல் போகும்.

அவிக்காத அதே மாவில் இரண்டு கைப்பிடியைத் தூண்டில் விழும் இடத்திலிருந்து நாலு முழம் தள்ளி உதிர்த்துப் போட்டால் பொடிமீன் கூட்டம் அங்கே போய்விடும். செலவில்லாத வேலை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

இனி ஆழம். எந்த மீன் வேண்டுமோ அதன் வாயைப் பாருங்கள். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மேயும். தக்கையிலிருந்து இரண்டு மூன்றடி கீழே இரை தொங்கினால் போதும். ரோகு நடுத்தண்ணீரில் திரியும். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கியது, தரையில் மேய்வது. இரை தரையைத் தொட வேண்டும். நம் ஆட்கள் பலர் எல்லாவற்றுக்கும் ஈயக்குண்டைத் தரையில் போட்டுவிட்டு, கட்லா வரவில்லை என்று ஆற்றைக் குறை சொல்வார்கள்.

முள் 8-ஆம் நம்பர் போதும். நம்பர் கூடினால் முள் சிறிது என்பதைக் கடையில் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் நரம்பு 0.30 மி.மீ. முடிச்சுப் போட்டதும் எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் முடிச்சு நலிந்து, பெரிய மீன் மாட்டும் அன்றைக்கு அறுந்துபோகும்.

இடம்: கோடையில் தண்ணீர் குறைந்ததும் மீன் கசங்களில், அதாவது ஆற்றின் ஆழமான மடுக்களில், சேரும். கசத்தின் நடுவில் போடாமல், ஆழம் தொடங்கும் சரிவு ஓரத்தில் போடுங்கள். தடுப்பணையில் தண்ணீர் வழிந்து விழும் இடத்துக்கு நேர் கீழே இறங்கவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் தண்ணீர் அணைப்பக்கமே திரும்பிச் சுழலும். நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது. கார் சாகுபடிக்கு அணை திறக்கும் நாட்களில் ஆற்று நடுப்பாறையில் உட்காருவதும் அப்படித்தான். மழையே இல்லாமல் தண்ணீர் ஏறும்.

மானூர் வாசகர்: எங்கள் ஊர்க் குளத்தில் தூண்டில் போட யாரிடம் கேட்க வேண்டும்? ஊர்க் குளம்தானே?

குளம் ஊருடையது, மீன் மீன்பாசி (மீன்பிடி உரிமை) குத்தகை எடுத்தவருடையது. ஏலத்தில் பணம் கட்டி, குஞ்சு வாங்கி விட்டிருப்பார். போய் நேரில் கேளுங்கள். பொழுதுபோக்குக்கு ஒற்றைத் தூண்டில், இன்ன கரையில், இத்தனை மீன் வரை என்று பேசிக்கொண்டால் பல குத்தகைதாரர்கள் சரி என்பார்கள். இரவில் தூண்டிலை நட்டுவைத்துவிட்டுப் போகாதீர்கள். அதில்தான் சந்தேகம் கிளம்பும், சண்டையும் வரும். மடைப்பக்கம் யாராவது வலை கட்டியிருந்தாலோ, கரை கசிந்தாலோ அவருக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள். அடுத்த முறை அனுமதி கேட்கவே தேவையிருக்காது.

மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் உருண்டையாகத் திரண்டு மேலே வந்து போவதைக் கண்டால் அடியில் தாய் தகப்பன் விரால் காவலுக்கு நிற்கிறது என்று பொருள். அங்கே தவளை இரை போட்டால் உறுதியாகப் பாயும்; பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்தால் ஒரே நாளில் குஞ்சுகளை மற்ற மீன் தின்று தீர்த்துவிடும். அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

கேட்டாலும் கிடைக்காத இடங்கள் உண்டு. காரையாறு, சேர்வலாறு பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே தூண்டில் கூடாது. கூந்தன்குளம் 1994 முதல் பறவைகள் சரணாலயம். பாபநாசம் கோயில் படித்துறை மீனுக்குப் பொரி போடலாம், முள் போடக் கூடாது.

வீரவநல்லூர் வாசகர்: பக்கத்தில் உட்காருகிறவரின் நரம்போடு அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. யார் அறுப்பது?

பிந்தி வந்தவர். அதற்கு முன் செய்ய வேண்டியது இடைவெளி விடுவது: கழித் தூண்டிலுக்கு 5 மீட்டர், ரீல் வைத்து வீசுவதற்கு 15 மீட்டர். ஓடும் ஆற்றில் மேல்பக்கம் இருப்பவரின் நரம்பு கீழ்ப்பக்கம் இழுபடும் என்பதால் கனமான ஈயம் அவர்தான் போட வேண்டும். பக்கத்தில் ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால், கேட்காமலே உங்கள் நரம்பைச் சுருட்டி வழி விடுங்கள். அறுந்த தங்கூசை (நைலான் நரம்பை) கரையில் எறிய வேண்டாம். மாடு புல்லோடு தின்னும், நாரை காலில் சுற்றும். சாண் அளவுத் துண்டுகளாக நறுக்கிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

உவரி வாசகர்: ஃபைபர் படகின் அடியில் ஓர் அடி நீளத்துக்கு வெடிப்பு. பட்டி பூசினோம், ஒரு வாரத்தில் மறுபடி தண்ணீர் கசிகிறது. நாமே செய்ய முடியுமா?

முடியும். பட்டி ஓட்டையை மூடும், பலம் தராது. அலையில் படகு வளையும்போது முதலில் கழன்று விழுவது அதுதான். பலம் தருவது மேட் என்னும் கண்ணாடியிழை விரிப்பும் ரெசின் என்னும் பிசினும்.

தொடங்குமுன் வெடிப்பைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தென்று கேட்கும் இடமெல்லாம் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது, அதுவரை தேய்த்தாக வேண்டும். வெடிப்பு உள்சட்டத்தை ஒட்டி ஓடினால் சட்டத்தின் ஒட்டு விட்டிருக்கும். அதை உள்பக்கம் ஒட்டாமல் வெளியே மட்டும் போட்டால் அடுத்த கச்சான் (மேல்காற்று) அலையில் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும்.

படகைக் கரையேற்றி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, மூன்று நாளாவது காயவிடுங்கள். ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது. முதல் பூச்சு தோற்பது பெரும்பாலும் இந்த மூன்று நாள் பொறுக்காததால்தான். வெடிப்பின் இரு முனையிலும் 4 மி.மீ. துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. பிறகு 40-ஆம் நம்பர் உப்புத்தாளால் இருபக்கமும் சரிவாகத் தேய்க்க வேண்டும். அளவு, கனத்தைப் போல 12 மடங்கு: 5 மி.மீ. கனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 6 செ.மீ. தூசியைத் துடைத்து அசிட்டோன் துணியால் ஒரு தடவை துடைத்தபின் கை படக் கூடாது. கை எண்ணெய்ப் பிசுக்கும் ரெசினை ஒட்டவிடாது.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் ஓர் அடுக்கு காய்ந்தால் ஏறத்தாழ 1 மி.மீ. கனம் வரும். ஆக 5 மி.மீ. அடிக்கு ஐந்து அடுக்கு, சிறியதில் தொடங்கி ஒவ்வொன்றும் கொஞ்சம் பெரிதாக. கத்தரிக்காமல் கையால் கிழித்தால் ஓரம் இழை இழையாக நின்று பழையதோடு கலக்கும். ரெசின் எடை மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு. சேதாரம் உட்பட அரைக் கிலோ தாராளம். ஒரே தடவையில் கலக்க வேண்டாம், 250 கிராமாகக் கலக்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு 250 கிராமுக்குக் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) 3 மி.லி., ஊசியில்லா சிரிஞ்சால் அளந்து. கண்ணளவில் ஊற்றுவதுதான் கெடுக்கிறது. கூடினால் டப்பாவிலேயே கொதித்து இறுகும், ஒட்டினாலும் மொறுமொறுவென்று வெடிக்கும். குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். காலை 9 மணிக்கு முன் அல்லது மாலை 4 மணிக்குப் பின் செய்யுங்கள்.

பிரஷ்ஷை இழுக்காதீர்கள், குத்திக் குத்தி வையுங்கள். மேட்டில் வெள்ளையாகத் தெரிவது காற்று. அது மறைந்து கண்ணாடி போல ஆகும்வரை குத்த வேண்டும். மூன்று அடுக்கு போட்டதும் சூடு தணியவிட்டு மற்ற இரண்டைப் போடுங்கள்.

ஆக்சிலரேட்டர் (இறுகுவதை விரைவாக்கும் திரவம்) தனியாக வாங்கியிருந்தால் அதை ரெசினில் நன்றாகக் கலக்கிய பின்தான் கேட்டலிஸ்ட். ஆக்சிலரேட்டரும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே பையில் போட்டு டூவீலரில் கொண்டுபோகாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் 15 நிமிடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும், பார்வையே போகக்கூடியது.

பக்கத்துப் படகுக்காரர் தேய்ப்பு மெஷின் கேட்டால் கொடுங்கள், ஆனால் தாளைப் புதிதாக மாட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்குங்கள். இது உவரியில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வழக்கமாக ஆனால் நல்லது.

கூட்டப்புளி வாசகர்: கச்சான் காலத்தில் ஏற்றிவைத்த அவுட்போர்டு மோட்டார் ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. பக்கத்தில் பீச்சும் தண்ணீரும் வரவில்லை.

இரண்டும் தனித்தனிக் கோளாறாக இருக்கலாம். மோட்டாரைக் குளிர்விக்கும் அந்தத் தண்ணீர் வராமல் ஓட்டவே வேண்டாம், அதை முதலில் பாருங்கள். பீச்சும் துவாரத்தில் மணல் அடைத்திருக்கும். கனமான தங்கூசை விட்டுக் குத்துங்கள். அப்படியும் வராவிட்டால் கோளாறு பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தில்). மாதக்கணக்கில் சும்மா நின்றால் இதழ்கள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். வருடம் ஒரு தடவை மாற்றுங்கள். தண்ணீரில்லாமல் கரையில் 'சும்மா ஒரு தடவை' ஸ்டார்ட் செய்து பார்ப்பதில்தான் இம்பெல்லர் கருகுகிறது.

அணைவதற்கு: டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். மூடியிருந்தால் ஐந்து நிமிடம் ஓடி நிற்பதுதான் அடையாளம். அது சரியென்றால் பழைய பெட்ரோல். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் கடற்கரை ஈரத்தை உறிஞ்சும். நாள்பட்டால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். முழுவதும் இறக்கி, கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளையை) சுத்தம் செய்யுங்கள். டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு 50-க்கு 1 என்று கையேடு சொன்னால் 10 லிட்டருக்கு 200 மி.லி. ஆயில். அது டி.சி.-டபிள்யூ.3 என்று எழுதியதாக இருக்க வேண்டும், பைக் ஆயில் ஆகாது.

கியர் ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றினால் பின்னால் யாரோ எறிந்த தங்கூஸ் சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தை அறுத்திருப்பது தெரியும். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியே ஏற்றி மேல் துளையில் வழியும்வரை விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நிற்கும். அடுத்த முறை ஏற்றிவைக்குமுன் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி 10 நிமிடம் ஓட்டி, கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றி, தானாக அணையும்வரை விடுங்கள்.

இடிந்தகரை வாசகர்: கடலில் நின்றுபோன படகைக் கட்டி இழுத்து வருவது எப்படி?

கயிறு 25 மீட்டராவது வேண்டும், நைலான். இழுபடும் படகின் அணியத்து (முன்முனை) வளையத்தில் கட்டுங்கள். குறுக்குப் பலகையில் கட்டினால் பலகை பிய்ந்து வரும். கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் சாட்டையாக அடிக்கும். இரண்டு படகும் ஒரே நேரத்தில் அலை ஏறும்படி கயிற்றைக் கூட்டிக் குறையுங்கள். கரை அலைக்குள் மட்டும் கட்டி இழுக்காதீர்கள். பின்படகு அலையில் சறுக்கி முன்படகின் மேலேயே ஏறும். அலைக்கு வெளியே அவிழ்த்து நங்கூரமிட்டு, ஆள் வரவழைத்துத் துடுப்பில் ஏற்றுங்கள். உங்களால் முடியாதென்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. பெட்ரோல் செலவைக் கரையில் பேசிக்கொள்ளலாம், கடலில் பேச வேண்டாம்.

கூத்தங்குழி வாசகி: மகனுக்குக் கெளுத்தி முள் குத்தி வலி தாங்கவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டலாமா?

மஞ்சளை விட வெந்நீர்தான் கேட்கும் தாயி. அந்த விஷம் சூட்டில் கெடும். குத்திய கையை 45 டிகிரி அளவுச் சூட்டில், அதாவது பொறுக்கும் சூட்டில், முக்கி வையுங்கள். வலி குறையும்வரை, ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். ஆறஆறச் சூடு சேருங்கள். சூட்டை அவன் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும், குத்திய கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசி. இறுகக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. மறுநாள் சிவந்து வீங்கினால் முள் துண்டு உள்ளே இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். திருக்கை முள் வயிற்றிலோ நெஞ்சிலோ குத்தியிருந்தால் பிடுங்காமல் 108.

முக்கூடல் வாசகர்: ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடலாமா?

விடாதீர்கள், வேறு குளத்திலும் கொண்டுபோய் விடாதீர்கள். அகப்பட்டதை எல்லாம் தின்னும், நம் அயிரையும் ஆரலும் மிஞ்சாது. குத்தகைதாரரிடம் எந்த இடத்தில் மாட்டியது என்று சொல்லுங்கள்.