அபார்ட்மென்ட் சங்கத்துக்குப் பொருளாளராக வரச் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

வேலைக்குப் போகிறவர், சொந்த வீட்டில் குடியிருப்பவர், "கெட்ட பேர்தான் மிஞ்சும்" என்று வீட்டில் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். சேலம் அழகாபுரம் பக்கம் 24 வீடுகள் உள்ள குடியிருப்பில் மூன்று வருடமாக நான் பொருளாளர். பள்ளிக்கூட ஆசிரியை. கணக்குப் பாடம்தான் எடுக்கிறேன், ஆனாலும் அதைவிட எனக்குக் கைகொடுத்தது, அந்தக் கட்டடத்திலேயே படுத்து அங்கேயே எழுந்திருப்பதுதான்.

தண்ணீர் விஷயத்தைச் சொன்னால் புரியும்.

நான் பொறுப்புக்கு வந்தது ஒரு ஏப்ரல் மாதம். நகரத்துக்குக் குடிநீர் மேட்டூரில் இருந்து வருகிறது, அணை சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனாலும் எங்கள் தெருவுக்கு முறை வைத்துத்தான் விடுவார்கள். அது குடிக்க, சமைக்க சரியாக இருக்கும். மற்றதற்கெல்லாம் போர்வெல் தண்ணீர். அடியில் பாறை, வெயில் ஏற ஏற ஊற்று சுருங்கிவிடும், மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலே காற்று இழுக்கும். அப்புறம் லாரித் தண்ணீர்தான் கதி. பில்லில் 12,000 லிட்டர் என்று இருக்கும், வாட்ச்மேன் கையெழுத்துப் போடுவார், செயலாளர் பணம் அனுப்புவார். பல வருடமாக இப்படியே ஓடியது.

மூன்றாம் மாடி அக்கா ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "ஏங்க டீச்சர், நேத்து ரெண்டு லாரி வந்துச்சு, இன்னைக்குச் சாயந்திரமே டேங்க் காலிங்கிறாங்க. அவ்வளவு தண்ணியா குடிச்சுட்டோம்?"

லாரித் தண்ணீர் விழுவது தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியான சம்ப்பில். எங்கள் சம்ப் உள்ளளவு நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். பத்து சென்டிமீட்டர் ஏறினால் 1,200 லிட்டர். 12,000 லிட்டர் விழுந்தால் சரியாக ஒரு மீட்டர் ஏற வேண்டும். பழைய பிளம்பிங் வேலையில் மிஞ்சிய பிவிசி பைப் ஒன்று படிக்கட்டுக்குக் கீழே கிடந்தது. பத்து பத்து சென்டிமீட்டருக்குச் சிவப்பு டேப் சுற்றினேன். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு லாரி வந்தது. மோட்டாரை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து பைப்பை இறக்கி ஈரம் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன். லாரி காலியான பிறகு, அலை அடங்கும்வரை நின்று மறுபடி இறக்கினேன். 82 சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது. 9,840 லிட்டர். அடுத்த இரண்டு லாரிகளும் அதே கதைதான், ஒன்று 84, இன்னொன்று 81.

லாரிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "வர்ற வழியில தளும்பிப் போயிடுதுங்க" என்றார். "ரெண்டாயிரம் லிட்டரா அண்ணா?" என்று கேட்டதும் அவருக்குப் பேச்சில்லை. ஏறிய அளவுக்குத்தான் பணம் என்று அன்றே முடிவானது. ஆறில் ஒரு பங்குக்கு மேல் செலவு குறைந்தது. இப்போது ஒவ்வொரு லாரிக்கும் முன் அளவு, பின் அளவு, தேதி, நேரம் எல்லாம் வாட்ச்மேன் அறையில் தொங்கும் நோட்டில் ஏறுகிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

பழைய செயலாளரை நான் குறை சொல்லவில்லை. ஒரு ரூபாய் தொடாத மனிதர். ஆனால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பெங்களூரில் இருந்தார், போனிலேயே சங்கத்தை நடத்தினார். சம்ப் மூடியை விடியற்காலையில் அவர் எங்கிருந்து திறந்து பார்ப்பார்? அதனால்தான் குடியிருப்பவர்கள் குழுவில் இருக்க வேண்டும் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் 24 வீட்டில் 11 வீடு வாடகைக்காரர்கள். ஓட்டு உரிமையாளர்களுக்குத்தான். ஆனால் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து பேச அவர்களைக் கூப்பிடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. நாங்கள் கூப்பிடுகிறோம். மழைநீர்க் குழி மூடிக் கிடப்பதைக் கண்டுபிடித்தது வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பிதான். 2003இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது, எங்களிடமும் குழி இருந்தது. உள்ளே பழைய சிமெண்ட் சாக்கும் பெயின்ட் டப்பாவும்! மொட்டை மாடித் தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆடி பிறப்பதற்குள் தோண்டி எடுத்து, ஜல்லியும் மணலும் புதிதாகக் கொட்டினோம். அடுத்த கோடையிலும் லாரி வாங்கினோம், ஆனால் குறைவாக.

காகித வேலைக்குப் பயப்படாதீர்கள், அதிகம் இல்லை. சங்கம் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். குழு மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஒரு குழு மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. 1994 சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்து, 2024இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்பது அதில்தான் இருக்கிறது, ஒருமுறையாவது படித்துவிடுங்கள். படிக்கட்டு விளக்கு, மோட்டார் போன்ற பொது மின்சாரத்துக்கு 2022இல் தனிக் கட்டணம் போட்டார்கள், யூனிட்டுக்கு 8 ரூபாய். மறு வருடம் பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். எங்களுக்கு லிஃப்ட் உண்டு, கிடைக்கவில்லை. உங்களுடையது சின்னக் கட்டடமாக இருந்தால் பில்லை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் மெயின்டனன்ஸ் வாங்கி, சங்கத்தின் வருட வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி. நம்ம ஊரில் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு அந்தக் கவலை வராது.

கஷ்டம் எங்கே என்றால், நன்றாகப் பழகினவர் வீட்டுக் கதவையே பாக்கி கேட்டுத் தட்டும்போதுதான். இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் ஏழு மாதம் பணம் கட்டவில்லை. அந்தப் பெண் எனக்கு நெருங்கிய தோழி, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு இருவரும் சேர்ந்துதான் போவோம். அவர் கணவருக்கு வெள்ளிப் பட்டறை. வெள்ளி விலை ஏறியதில் கொலுசு ஆர்டர் குறைந்து, பட்டறை பாதி நாள் மூடியே கிடந்தது. குழுவில் ஒருவர், பாக்கி வைத்தவர்கள் பெயரை வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம் என்றார். இன்னொருவர், "உங்க ஃபிரெண்டுதானே, நீங்களே பேசி முடிங்க" என்றார். இரண்டுமே தப்பு என்று எனக்குப் பட்டது. பெயரைப் போட்டால் அந்தக் குடும்பம் லிஃப்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாது. நான் தனியாகச் சலுகை கொடுத்தால் நாளைக்கு என் கணக்கை யார் நம்புவார்கள்? கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தீர்மானம் போட்டோம். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தால் எழுதிக் கேட்டு ஆறு தவணையாகக் கட்டலாம், பெயர் குழுவைத் தாண்டாது. அந்தத் தோழிதான் முதலில் எழுதிக் கொடுத்தார். ஐந்தாவது தவணையிலேயே முழுதும் கட்டி முடித்தார்.

கெட்ட பேர் வருமா என்றால், வரும். இரண்டாவது காரை வழியில் நிறுத்தக் கூடாது என்று சொன்னதற்கு ஒருவர் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானே போய்ப் பார்த்தேன், அதன் பிறகு பேசுகிறார். கார் இப்போதும் உள்ளே நிற்பதில்லை.

நேரம் என்று பார்த்தால் எனக்கு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். அவ்வளவுதான் ஆகிறது. சரி என்று சொல்வதற்கு முன்னால் பாஸ் புத்தகம், கூட்ட முடிவுகளை எழுதும் மினிட் புத்தகம், பதிவாளர் அலுவலகத்தில் கடைசியாகத் தாக்கல் செய்த ரசீது மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்களிடம் நான்கு வருட ரசீது இல்லை, அபராதம் கட்டித்தான் சரிசெய்தோம். உங்களிடமும் இல்லாவிட்டால் அதை முதல் கூட்டத்திலேயே மினிட் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு, அப்புறம் வங்கியில் கையெழுத்து மாற்றப் போங்கள்.