வாளி லிப்ட்

அன்புள்ள ஐயா,

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஆறாம் மாடியில் இருக்கிறோம். மகன் நாலாம் வகுப்பு, மகளுக்கு ஆறு வயது. ஓகஸ்ட் விடுமுறை தொடங்கியதிலிருந்து நீச்சல், சதுரங்கம், மிருதங்கம், ஸ்போக்கன் இங்கிலிஷ் என்று ஓடுகிறோம். இடையில் ஒரு மணித்தியாலம் கிடைத்தால் "அம்மா, போரடிக்குது" என்று பின்னாலேயே திரிகிறான். போனைக் கொடுத்துவிடுகிறேன். மாமி, "பிள்ளையைச் சும்மா விடு, தானாக ஏதும் செய்யும்" என்கிறா. எனக்கோ அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பயம். பக்கத்து வீட்டுப் பிள்ளை விடுமுறையிலும் இரண்டு ரியூசனுக்குப் போகிறது.

போன கிழமை கரண்ட் போய், லிப்டும் நின்று, போனிலும் சார்ஜ் இல்லை. ஒரு மணித்தியாலம் அழுது புரண்டான். பிறகு பார்த்தால் வாளியில் கயிறு கட்டி, தங்கச்சியின் பொம்மைகளை ஏற்றி இறக்கி லிப்ட் விளையாட்டு. பல்கணியில் கயிறு தொங்குவதைக் கண்டு ஏசி நிறுத்திவிட்டேன். சும்மா விடுவது நல்லதா, இல்லை எங்கள் சோம்பலுக்கு நாங்கள் சொல்லும் சாட்டா?

ச.

அன்புள்ள ச.,

நான் உங்கள் மாமியின் கட்சி.

எங்கள் ஊரில் இதைப் "பொழுது போகேல்லை" என்போம். போகாதது பொழுது, அதற்கு அம்மா என்ன செய்வா? "போரடிக்குது" அப்படியில்லை. அது ஒரு முறைப்பாடு. யாராவது உடனே எழும்பி வந்து தீர்த்து வைக்க வேண்டும். (எங்கள் சிறுவயதில் போர் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். அது கிடக்கட்டும்.)

1996இல் எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியாவில் தங்கி, கடைசியில் உங்கள் வெள்ளவத்தையிலேயே காலி நகருக்குப் போகும் பெருந்தெருவான காலி வீதியைப் பார்த்த ஒரு லொட்ஜில் ஏழு மாதம் இருந்தோம். அப்பா வெளிநாட்டிலிருந்து கூப்பிடுவார் என்ற காத்திருப்பு. பள்ளிக்கூடம் இல்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டிய காலம், அது சரிவராமல் என்னை வெளியே விட அம்மாவுக்குப் பயம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல்.

ஜன்னலுக்குக் கீழே பஸ்கள். 100 பாணந்துறை, 101 மொறட்டுவை. முதலில் எண்ணினேன். கொஞ்ச நாளில் எண்ணுவதும் அலுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பலகையில் இருந்த எழுத்தைப் பார்த்தேன். நடத்துநர் கத்துவது காதில் விழும், சிங்கள எழுத்து கண்ணில் படும். பாணந்துறையின் முதல் எழுத்துக்குப் பின்னால் ஒரு கால் நின்றது. மொறட்டுவையில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். எங்கள் "மொ"வும் அப்படித்தானே! அன்று கட்டிலில் ஏறிக் குதித்தது நினைவிருக்கிறது. சிங்களவர்களும் அதைக் "கொம்புவ" என்றே சொல்வார்கள் என்பது பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்தது. லொட்ஜை விட்டுப் போகும்போது எதிரே இருந்த கடைப் பலகைகள் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பொருள் ஒன்றும் தெரியாமலே. யாராவது கொப்பி தந்து சொல்லித் தந்திருந்தால் ஒருவேளை அதையும் வெறுத்திருப்பேன்.

அந்த அறையை நான் புகழவில்லை. அந்தக் கட்டிடத்தைக் கடக்கும்போது இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். அடைத்து வைத்த பிள்ளையின் பாடு வேறு. உங்கள் மகனுக்குக் கதவு திறந்திருக்கிறது, அம்மா பக்கத்து அறையில் இருக்கிறா. அந்த நிலையில் வரும் அலுப்பைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

ஆய்வு ஏதும் உண்டா என்று கேட்பவர்களுக்காக இரண்டு. 2014இல் இங்கிலாந்தில் சண்டி மான் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் சிலரைத் தொலைபேசிப் புத்தகத்து இலக்கங்களைப் பார்த்து எழுத வைத்தார்கள். பிறகு இரண்டு கோப்பைகளால் என்னென்ன செய்யலாம் என்று கேட்டபோது, அந்த அறுவையில் இருந்து வந்தவர்களுக்கே கூடுதல் யோசனைகள் தோன்றின. அவர்கள் வளர்ந்தவர்கள், ஆகவே உங்கள் மகனுக்கு அப்படியே பொருத்த நான் துணியமாட்டேன். அதே வருடம் அமெரிக்காவில் திமோதி வில்சன் குழுவினர் ஆட்களை வெற்று அறையில் 15 நிமிடம் தனியே இருத்தினார்கள். கையெட்டும் தூரத்தில் மின்னதிர்ச்சி தரும் பொத்தான். முன்னதாக அதைப் பட்டுப் பார்த்து, காசு கொடுத்தாவது தவிர்ப்போம் என்றவர்கள்தான். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அழுத்தினார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. சும்மா இருக்க முடியாதவர்கள் நாங்கள். பிள்ளையின் சிணுங்கலைக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாமல்தான் போனை நீட்டுகிறோம்.

அந்த ஒரு மணித்தியால அழுகையைக் கடக்கப் பாருங்கள். உங்களுக்குத்தான் கஷ்டம். அப்போது உங்கள் போனையும் தூர வையுங்கள், இல்லாவிட்டால் அவன் நம்பமாட்டான். தொடர்மாடியில் முற்றமும் ஒழுங்கையும் இல்லை, காலி வீதியில் தனியே இறக்கிவிடவும் முடியாது. அதனால் மட்டைப் பெட்டி, நூல், கத்தரிக்கோல், பழைய பேப்பர் என்று ஒரு மூலையில் குப்பை சேர இடம் கொடுங்கள். அவன் ஏதாவது செய்தால் உடனே படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பிறகு அதுவும் ஒரு வகுப்பாகிவிடும். சில வேளை "போரடிக்குது" என்பதற்கு "என்னோடை கொஞ்சம் இருங்கோ" என்று பொருள். அது உங்களுக்கு விளங்கும். அப்போது பக்கத்தில் போய் இருங்கள். முன்பு விரும்பிய எதையும் நாட்கணக்கில் தொடாமல் ஒதுங்கியிருக்கிறான் என்றால் அது அலுப்பு அல்ல, ஒரு வைத்தியரிடம் கதைக்க வேண்டிய விஷயம்.

புலமைப்பரிசில் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அந்த முதலாம் வினாத்தாளில் ஒழுங்கு கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்; நானும் ஜன்னலில் இருந்து அதைத்தான் செய்தேன். இதற்காகச் சும்மா விடுங்கள் என்று சொன்னால் நாளைக்கே அதற்கும் ஒரு ரியூசன் தொடங்குவார்கள். வகுப்புகளில் இரண்டை நிறுத்துங்கள். எந்த இரண்டு என்று அவனிடமே கேளுங்கள்.

லிப்ட் விளையாட்டை நிறுத்தியதில் பிழையில்லை. ஆறாம் மாடி, கீழே ஆட்கள் நடப்பார்கள். ஆனால் வாளியைத் திருப்பிக் கொடுங்கள், கயிறு வீட்டுக்குள்ளே கதவுப் பிடியில் தொங்கட்டும். ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை: பொம்மைகள் எந்த மாடியில் இறங்கின? கேட்டு எழுதுங்கள்.