கல்லுக்குள் இருப்பதைப் படமெடுக்க என்ன வாங்கலாம்?

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: ராசிக்கல் வாங்கி விற்கிறோம். கல்லுக்குள் இருக்கும் ஊசி, குமிழ், கீற்று (இன்குளூஷன் என்கிறார்கள்) இவற்றைப் படமெடுத்து வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆசை. ஆன்லைனில் 1600 மடங்கு பெரிதாக்கும் யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அண்ணன் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்தான் வாங்கணும் என்கிறார். எதை வாங்க?
– திருநெல்வேலி டவுன்

பதில்: அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். அந்த 1600 என்பது சின்ன சென்சாரில் விழுந்த படத்தைப் பெரிய திரையில் விரித்துப் போட்டுச் சொல்லும் கணக்கு. படம் பெரிதாகுமே தவிர, லென்ஸ் பிரித்துக் காட்டாத நுணுக்கம் எதுவும் புதிதாக வந்துவிடாது. வைரத்தின் தெளிவைத் தரம் பிரிப்பதே 10 மடங்கில்தான். கல்லுக்குள் இருப்பதில் பெரும்பகுதியை 10 முதல் 40 மடங்குக்குள் பார்த்துவிடலாம்.

யூஎஸ்பி கருவியில் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அதன் எல்இடி விளக்குகள் லென்ஸைச் சுற்றியே இருப்பதால், கல்லின் மேல்பட்டையில் பட்டுத் திரும்பி எட்டு வெள்ளைப் பொட்டுகளாகப் படத்தில் உட்கார்ந்துகொள்ளும். கூடுதல் பெருக்கத்தில் லென்ஸ் கல்லை ஒட்டி வந்துவிடுவதால், பக்கத்திலிருந்து வேறு விளக்கு பிடிக்கவும் இடமிருக்காது.

நீங்கள் கேட்க வேண்டியது டிரைனாகுலர் ஸ்டீரியோ ஜூம் மைக்ரோஸ்கோப்: இரண்டு கண்ணுக்கு இரண்டு குழாய், கேமராவுக்கு மூன்றாவது. ஆப்ஜெக்டிவ் (கல்லை நோக்கும் லென்ஸ்) 0.7 முதல் 4.5 வரை, ஐபீஸ் (கண் வைக்கும் லென்ஸ்) 10 என்றால் 7 முதல் 45 மடங்கு. கல்லுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். விளக்கும் இடுக்கியும் நுழைய அந்த இடம்தான் வேண்டும். ஐபீஸில் 10 மடங்கு என்பதோடு 20 என்று பார்வை அகல எண்ணும் போட்டிருந்தால் அந்த 20-ஐ ஆப்ஜெக்டிவ் எண்ணால் வகுங்கள்: குறைந்த ஜூமில் 28.6 மில்லிமீட்டர் அகலம் தெரியும், முழு ஜூமில் 4.4 மில்லிமீட்டர். ஒரு காரட் கல்லுக்கு இது தாராளம்.

கேள்வி: ஐம்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் 18 மெகாபிக்சல் கேமராவையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார். பணத்தை எப்படிப் பிரிப்பது? கடையில் எதைச் சோதித்து வாங்குவது?
– பாளையங்கோட்டை

பதில்: பாதிக்கு மேல் மைக்ரோஸ்கோப் தலைக்கும் ஸ்டாண்டுக்கும், அடுத்த பங்கு விளக்குக்கு, மீதி இருந்தால் கேமராவுக்கு. கடைக்காரர் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்.

18 மெகாபிக்சல் ஏன் வீண் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்த வகை ஆப்ஜெக்டிவின் ஒளித்திறப்பு எண் (லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு) முழு ஜூமில் 0.1-ஐ ஒட்டி இருக்கும். அதனால் பிரித்துக் காட்ட முடிவது சுமார் 3.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கேமராவுக்கு முன் படத்தைப் பாதியாகச் சுருக்கும் 0.5 குறைப்பு லென்ஸ் போட்டால் சென்சாரில் மொத்தப் பெருக்கம் 2.25, அந்த 3.4 மைக்ரான் அங்கே ஏழரை மைக்ரானாக விழும். அதற்கு இரண்டு பிக்சல் வீதம் என்றால் 3.7 மைக்ரான் பிக்சல் போதும். அரை இஞ்ச் சென்சாரில் அது 2.2 மெகாபிக்சல்தான் வருகிறது. 5 மெகாபிக்சல் வாங்கினாலே மிச்சம். 18 வாங்கினால் அதே மங்கலைப் பெரிய கோப்பாகச் சேமிப்பீர்கள்.

கேமரா பொருத்தும் இடம் சி-மவுண்ட் மரையா (கேமராவைத் திருகி மாட்டும் பொது அளவு) என்று கேளுங்கள். குறைப்பு லென்ஸ் சென்சாருக்குப் பொருந்த வேண்டும்: அரை இஞ்ச் சென்சாருக்கு 0.5, மூன்றில் ஒரு இஞ்சுக்கு 0.35. பொருந்தாவிட்டால் படம் வட்டமாக வெட்டுப்பட்டு மூலையெல்லாம் கறுத்துவிடும், அல்லது கல்லின் நடுப்பகுதி மட்டும் தெரியும். ஐபீஸ் இடத்தில் செருகும் கேமரா என்றால் குழாய் அளவைப் பாருங்கள். ஸ்டீரியோவில் பெரும்பாலும் 30 அல்லது 30.5 மில்லிமீட்டர்; கேமராக்கள் 23.2-க்கு வரும். நடுவே வளையம் வேண்டும், அதையும் பில்லிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

சோதனைக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும். முழு ஜூமில் ஃபோகஸ் செய்து மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வழியில் மங்கினால் அந்தத் தலை வேண்டாம். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது படம் ஒன்றாகச் சேராமல் இரண்டாகத் தெரிந்தாலோ, சேர்க்கக் கண் இழுத்தாலோ உள்ளே பிரிசம் நகர்ந்திருக்கிறது. கேமராவை மாட்டிவிட்டு ஐந்து நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். தலை தானாக இறங்கினால் ஸ்டாண்டின் இறுக்கத் திருகை முறுக்கச் சொல்லுங்கள், அப்படியும் நிற்கவில்லை என்றால் ஸ்டாண்ட் தாங்காது. கடைசியாக, கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்போதே கேமராவிலும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சி-மவுண்ட் குழாயின் உயரத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். அந்த வசதி இல்லாத குழாயை வாங்காதீர்கள்.

பழைய கருவி கிடைத்தால் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். நூலாம்படை போலத் தெரிந்தால் பூஞ்சை. குற்றாலச் சாரல் காலத்தில் மூடிவைத்த லென்ஸில் இது சீக்கிரம் வரும். கண்ணாடியை அரித்திருந்தால் துடைத்தும் பயனில்லை.

ஆப்ஜெக்டிவின் அடியில் மாட்டும் இரண்டு மடங்கு கூடுதல் லென்ஸை இலவசமாகவே கொடுத்தாலும் முதல் வருடம் தொடாதீர்கள். அது கல்லுக்கு மேலுள்ள இடத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

கேள்வி: கைபேசியை ஐபீஸில் வைத்தே எடுக்க முடியாதா?
– வள்ளியூர்

பதில்: முடியும், ஆரம்பத்துக்கு நல்ல வழியும் அதுதான். கையால் பிடிக்காமல் பிடிப்பான் வாங்குங்கள். ஐபீஸ், கண்ணாடி அணிபவர்களுக்கான உயர் கண்புள்ளி (ஹை ஐபாயிண்ட்) வகையாக இருக்கட்டும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். இரண்டு மூன்று கேமரா உள்ள போன் நடுவில் தானாக லென்ஸ் மாற்றிக்கொள்ளும். புரோ முறையில் முதன்மைக் கேமராவை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: டிரைனாகுலர் வாங்கியாகிவிட்டது. படத்தில் கல்லைவிட வெள்ளைப் புள்ளிகளும் பளபளப்பும்தான் அதிகம் தெரிகின்றன. கருவியில் கோளாறா?
– அம்பாசமுத்திரம்

பதில்: கோளாறு விளக்கில், கொஞ்சம் கல்லின் மேல் உள்ள தூசியில்.

மேலிருந்து அடிக்கும் வெளிச்சம் பட்டைகளில் பட்டுத் திரும்புகிறது. கல்லுக்குள் இருப்பது தெரிய வேண்டுமானால் வெளிச்சம் கீழேயிருந்து சாய்வாக நுழைய வேண்டும், நேராக லென்ஸுக்குள் வரக்கூடாது. உள்ளே ஊசியோ குமிழோ இருந்தால் அது மட்டும் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கறுப்புப் பின்னணியில் மினுங்கும். டார்க்ஃபீல்டு என்பது இவ்வளவுதான். இதற்கென்று வரும் அடித்தளம் விலை கூடுதல். உங்களிடம் உள்ள வளைய எல்இடி விளக்கைத் தலையிலிருந்து கழற்றிக் கீழே, மேல்நோக்கி வையுங்கள். வளையத்தின் நடுவில் பளபளப்பில்லாத கறுப்பு அட்டை அல்லது கறுப்பு வெல்வெட். கல்லை அதற்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் மேலே இடுக்கியில் பிடியுங்கள். எல்இடிகள் நேராகக் கண்ணில் தெரிந்தால் கல்லைக் கீழே இறக்குங்கள். பிறகு கல்லைச் சில டிகிரி சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் பட்டையின் பளபளப்பு ஒதுங்கி உள்ளே திறக்கும். பொறுமை தேவைப்படுவது இங்கேதான்.

எல்லாவற்றுக்கும் டார்க்ஃபீல்டு சரிவராது. 1902-ல் பிரான்சின் வெர்னாய் அறிவித்த சுடர் உருக்கு முறையில் செய்த மாணிக்கத்தில் வளைந்த வரிகள் இருக்கும். அவை டார்க்ஃபீல்டில் ஒளிந்துகொள்ளும். கல்லுக்குக் கீழே டிரேசிங் பேப்பரை வைத்து, அதன் வழியாக மெல்லிய வெளிச்சம் விட்டால் வெளியே வரும்.

தூசிக்கு: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஊதுபந்தால் ஊதி, அதன் பிறகு கல்லை விரலால் தொடாதீர்கள். வேட்டி நுனி வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஊட்டிய மரகதம், முத்து, பவளம், ஓப்பல் ஆகியவற்றில் ஆல்கஹால் படக்கூடாது.

பளபளப்பு அப்படியும் அடங்காவிட்டால் தட்டையான அடியுள்ள சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் மருந்துக்கடை லிக்விட் பாரஃபினை ஊற்றி அதற்குள் கல்லை வைக்கலாம். காற்றின் ஒளிவிலகல் எண் 1, பாரஃபின் 1.47-ஐ ஒட்டி, குவார்ட்ஸ் 1.54, நீலக்கல் 1.76. எண்கள் நெருங்க நெருங்கப் பட்டைகள் மறையும். குவார்ட்ஸில் நன்றாக, நீலத்தில் பாதியளவு. மெதுவாக ஊற்றுங்கள், இல்லாவிட்டால் திரவத்தின் காற்றுக்குமிழைக் கல்லின் குமிழ் என்று நினைத்துவிடுவீர்கள். நீலத்துக்குப் பொருத்தமான மெத்திலீன் அயோடைடு நச்சு, வீட்டில் வேண்டாம். முத்து, பவளம், ஓப்பல், மரகதத்தை எந்தத் திரவத்திலும் முக்காதீர்கள்.

படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் துடிப்பு. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். மங்கவைக்கும் பொத்தான் உள்ள விளக்கை முழு வெளிச்சத்தில் எரியவிடுங்கள்.

கேள்வி: ஊசியின் ஒரு முனை தெளிவாக இருந்தால் மறுமுனை மங்குகிறது. அடுக்கிச் சேர்ப்பது என்கிறார்களே, எப்படி?
– கல்லிடைக்குறிச்சி

பதில்: முழு ஜூமில் தெளிவாக இருக்கும் ஆழம் 0.05 மில்லிமீட்டர் அளவுதான். ஆகவே 0.03 முதல் 0.04 மில்லிமீட்டருக்கு ஒரு படமாக எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ் அல்லது ஜெரீன் ஸ்டேக்கர் மென்பொருளில், ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை எடுத்து ஒரே படமாகச் சேர்க்க வேண்டும். ஸ்டாண்டின் பெரிய திருகு இதற்கு ஒத்துவராது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிமீட்டர் இறங்கும் திருகு என்றால் ஒரு டிகிரியே 0.055, கை அவ்வளவு நுணுக்கமாகத் திரும்பாது. தலையை அசைக்காமல் கல்லை உயர்த்துங்கள்: 0.01 மில்லிமீட்டர் குறியுள்ள மைக்ரோமீட்டர் திருகு வைத்த சிறு தூக்குமேடை போதும்.

ஸ்டீரியோவில் கேமரா ஒரு பக்கக் குழாய் வழியாகச் சாய்வாகப் பார்ப்பதால் ஒவ்வொரு படமும் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். மென்பொருள் சரிசெய்துவிடும், ஆனால் ஓரம் வெட்டுப்படும். கல்லைச் சுற்றி இடம்விட்டு எடுங்கள். அடியில் கடப்பாக் கல், அதன் கீழ் ரப்பர் துண்டுகள். எடுக்கும்போது ஃபேனை நிறுத்த வேண்டும். கத்திரி வெயிலில் அதிகாலையே நல்லது.

பழக மலிவான கார்னெட் வாங்குங்கள், திருச்சியில் பட்டை தீட்டும் செயற்கைக் கல்லும் உதவும். உவரிப் பக்கம் கரையில் சிவந்து கிடப்பதும் கார்னெட் மணல்தான் என்றாலும் பொடித்துகள், பட்டை தீட்டாதது; உள்ளே ஒன்றும் தெரியாது.

கேள்வி: பெரிடாட் கல்லில் ஒரே புள்ளி இரண்டிரண்டாகத் தெரிகிறது. லென்ஸ் பழுதா?
– சேரன்மகாதேவி

பதில்: இல்லை, அந்தக் கல் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஆப்ஜெக்டிவுக்குக் கீழே போலராய்டு தாளை வைத்துச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் ஒரு படம் மறைந்துவிடும்.

கேள்வி: நான் வாங்கிய நீலத்தில் ஊசிகள் முழுதாக இருக்கின்றன. படத்தைக் காட்டி, சூடேற்றாத கல் என்று விற்கலாமா?
– மேலப்பாளையம்

பதில்: 60, 120 டிகிரியில் குறுக்கிட்டு ஓடும் முழு ரூட்டைல் (ஒரு கனிமம்) ஊசிகள் கடும் சூடு படவில்லை என்பதற்கு நல்ல அறிகுறி, சூடு பட்டால் அவை உடைந்து புள்ளிகளாகும். ஆனால் குறைந்த சூட்டில் இந்த மாற்றம் தெரியாமல் போகலாம். நிறம் மாற்றச் சூட்டில் பெரிலியம் ஏற்றியதை உறுதிசெய்ய வேதிப் பகுப்பாய்வு வேண்டும். எனவே எழுதிக் கொடுக்க ஆய்வகச் சான்று வாங்குங்கள், படத்தை அதனுடன் இணையுங்கள். கோமேதகத்தில் சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் ஊற்றியதுபோல் சுழல் தெரிந்தால் பதற வேண்டாம், அது அந்தக் கல்லின் இயல்பு.

கேள்வி: ஆன்லைனில் டிரைனாகுலர் என்று போட்டிருந்தார்கள். வந்ததில் மூன்றாவது குழாய் வெறும் அலங்காரம், உள்ளே பிரிசமே இல்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். கடைப் பெயரில் பில் போட்டேன்.
– வீரவநல்லூர்

பதில்: விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். விளம்பரப் பக்கத்தை இன்றே திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள், பிறகு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். பெட்டி பிரித்த வீடியோ இருந்தால் பத்திரமாக வையுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ருதி என்ற அரசுத் தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு வருடம்.

உங்களுக்குச் சிக்கல் பில்லில் வரலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதற்குச் சட்டம் விலக்கு தருகிறது. நீங்களே உட்கார்ந்து கல் பார்க்கும் சிறு கடை என்றால், மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள்.