ஜாடியில் அடுக்கிய சாலட் புதன்கிழமைக்குள் சொதசொதத்துப் போவது ஏன்?

கேள்வி: "திருப்பூர்ல வேலைங்க. ஞாயித்துக்கிழமையே அஞ்சு கண்ணாடி ஜாடியில சாலட் அடுக்கி ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு, தெனம் ஒண்ணு எடுத்துட்டுப் போறனுங்க. வீடியோவுல சொன்ன வரிசையிலதான் அடுக்கறேன். ஆனாலும் புதன்கிழமை தொறந்தா அடியில தண்ணி, மேல வாடின எலை. எங்க தப்பு? நம்மூர்க் காய வெச்சே செய்ய முடியுங்களா?"

பதில்:

வரிசை சரியாகத்தான் இருக்கும். அடியில் நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கழுவிய ஈரம் போகாத இலை, விதையோடு நறுக்கிய வெள்ளரி, சாறு வழியும் தக்காளி, சூடு ஆறுவதற்குள் போட்ட பயறு. இந்த நான்கில் குறைந்தது இரண்டு உங்கள் ஜாடிக்குள் இருக்கும். உப்பு பட்ட காய் தண்ணீர் விடும். அதனால்தான் உப்பும் எலுமிச்சையும் கலந்த டிரெஸ்ஸிங் அடியிலும் இலை உச்சியிலும் இருக்கின்றன. காயே தண்ணீர் விட்டால் அந்த டிரெஸ்ஸிங் நீர்த்து, மட்டம் ஏறி, நடு அடுக்கைத் தொட்டுவிடும். பிறகு எந்த வரிசையில் அடுக்கியும் பயனில்லை.

முதலில் ஜாடி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 750 மில்லி வேண்டும். அரை லிட்டர் ஜாடியில் பயறும் காயும் போட்டதுமே இடம் தீர்ந்துவிடும், இலைக்கு இடமிருக்காது. காபித்தூள், ஊறுகாய் வந்த பாட்டில்களைக் கழுவிப் பயன்படுத்தலாம். ஆனால் கை நுழையும் அளவுக்கு, 7 முதல் 8 சென்டிமீட்டர், வாய் அகலம் வேண்டும். ஊறுகாய் மூடியின் வாசனை என்ன செய்தாலும் போகாது, மூடியை மட்டும் மாற்றிவிடுங்கள். தகர மூடியில் எலுமிச்சைச் சாறு பட்டுக்கொண்டே இருந்தால் உள்பூச்சு உரிந்து துருப்பிடிக்கும், அதற்கு பிளாஸ்டிக் மூடி மேல்.

எவர்சில்வர் தூக்குப்போசியில் அடுக்கலாமே என்று தோன்றும். அது அகலமான பாத்திரம். அதே 40 மில்லி டிரெஸ்ஸிங் அடியில் மெல்லிசாகப் பரவி, பாதிக் காயைத் தொட்டுக்கொண்டிருக்கும். குறுகலாக, உயரமாக இருக்கும் ஜாடியில் ஒரே ஒரு அடுக்கு மட்டும்தான் அதில் நனையும். கண்ணாடி ஜாடியின் நன்மை பாதி இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. மீதிப் பாதி, உள்ளே தண்ணீர் சேர்வது கண்ணுக்குத் தெரிவது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படங்களில் வரும் மேசன் ஜாடி 1858இல் அமெரிக்காவில் ஜான் லாண்டிஸ் மேசன் காப்புரிமை வாங்கிய திருகு மூடி ஜாடி. பழங்களையும் காய்களையும் கொதிக்கவைத்து மூடி, மாதக்கணக்கில் கெடாமல் வைக்க அது உதவியது. அங்கே காத்தது கொதிக்கவைத்த சூடு. பச்சைக் காயை உள்ளே போட்டு மூடியை இறுக்குவதால் எதுவும் கெடாமல் இருந்துவிடாது. ஜாடி சாலட்டைக் காப்பது ஃப்ரிட்ஜின் 4, 5 டிகிரிக் குளிர் மட்டும்தான்.

டிரெஸ்ஸிங்குக்கு வருவோம். கொங்கு வீடுகளில் கைக்குப் பக்கத்தில் இருக்கும் தேங்காயெண்ணெய் இதற்கு உதவாது. அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மறுநாள் டிரெஸ்ஸிங்கின் மேல் மெழுகு போலக் கட்டியாக நிற்கும், எலுமிச்சைச் சாறு தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ போடுங்கள். தாளிப்பதாக இருந்தால் கடுகு, கறிவேப்பிலையைப் பொரித்து எண்ணெய் முழுக்க ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

மூன்று ஜாடிக்கு அளவு: எண்ணெய் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 45 மில்லி (இரண்டு மூன்று பழம் பிடிக்கும்), வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நிலக்கடலை 3 மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, பொடித்த நாட்டுச் சர்க்கரை ஒரு தேக்கரண்டி, வறுத்த சீரகப்பொடி அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. கடலைப்பொடி ருசிக்கு மட்டுமல்ல, எண்ணெயையும் சாற்றையும் பிடித்துவைத்து டிரெஸ்ஸிங்கைக் கெட்டியாக்குகிறது. கெட்டியாக இருந்தால் வண்டி குலுங்கினாலும் மேலே ஏறாது. இதிலேயே 12 சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டுவிடுங்கள். பச்சை வெங்காயம் நடு அடுக்கில் இருந்தால் இரண்டாம் நாளே ஜாடி முழுக்க அதன் வாடைதான் அடிக்கும். எலுமிச்சையில் ஊறினால் காரம் தணிந்து, லேசாக ஊறுகாய் பதத்துக்கு வந்துவிடும்.

தேங்காய்த் துருவலையும் தயிரையும் அடியில் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். பொள்ளாச்சித் தேங்காயாகவே இருந்தாலும், துருவி ஈரத்தில் வைத்தால் இரண்டாம் நாள் சளித்த வாசம் வந்துவிடும். தயிர் புளித்துத் தண்ணீர் பிரியும். இரண்டையும் சாப்பிடும் அன்று காலையில் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்வதே சரி.

டிரெஸ்ஸிங்குக்கு மேல் ஊறினாலும் பாதகமில்லாத கெட்டிக் காய் வர வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரியிலிருந்து இறங்கும் கேரட் இதற்கென்றே படைத்தது போல. பூந்துருவலாக வேண்டாம், பெரிய கண்ணில் துருவுங்கள் அல்லது தீக்குச்சி பருமனுக்கு நறுக்குங்கள். ஒரு ஜாடிக்கு 60, 70 கிராம். குடைமிளகாய், நூக்கோல், கோடையில் கிளிமூக்கு மாங்காய் எல்லாம் இந்த அடுக்குதான். மாங்காய் போட்டால் எலுமிச்சையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பீட்ரூட்டைத் துருவிப் போட்டால் இரண்டாம் நாள் ஜாடி முழுக்கச் சிவப்பாக இருக்கும். கெட்டுப்போகவில்லை, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். கொண்டைக்கடலையோடு சேர்த்துத் தனி ஜாடியாகப் போடலாம். முள்ளங்கி போடுவது உங்கள் விருப்பம். மூடியைத் திறக்கும்போது பக்கத்து மேசைக்காரர் விருப்பத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பயறு. ஜாடியைச் சாப்பாடாக்குவது இதுதான். கொள்ளு இருக்கும் ஊரில் டப்பாவில் வரும் ராஜ்மாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. மூன்று ஜாடிக்கு 150 கிராம் கொள்ளு. கல் பொறுக்கி, 10 மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் 5 அல்லது 6 விசில். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் தானாகக் குழையக் கூடாது. வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அன்றைக்கு ரசத்துக்கு ஆச்சு. தட்டப்பயிறு என்றால் 6 மணி நேரம் ஊறல், 2 விசில் போதும். மூன்றாவது விசிலில் தோல் வெடித்து மாவு வெளியே வரும், அந்த மாவுதான் டிரெஸ்ஸிங்கோடு கலந்து கூழாகிறது. பச்சைப்பயறை ஊறவைத்துத் திறந்த பாத்திரத்தில் வேகவைப்பது நல்லது, குக்கரில் அது கணக்குக்கு நிற்காது.

முளைகட்டிய பயறைப் பச்சையாக அடுக்காதீர்கள். முளை வருவதற்கு வேண்டிய வெதுவெதுப்பும் ஈரமும் கிருமி பெருகவும் வசதியானவை, கழுவினால் போகாது. ஆவியில் 5 நிமிடம் நன்றாகச் சூடேற வேகவைத்து, ஆறவிட்டுப் போடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும்.

வெந்த பயறை வடிதட்டில் 10 நிமிடம் விட்டு, அகலமான தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வையுங்கள். தொட்டால் குளிர்ச்சியாக, பார்த்தால் ஈரப் பளபளப்பு இல்லாமல் இருக்க வேண்டும். சூடாகப் போட்டால் ஆவி மூடியில் மோதி, தண்ணீராகி, நேராக இலை மேல் சொட்டும். உங்கள் ஜாடியில் இலை மேலிருந்து வாடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இலை அடியிலிருந்து வாடினால் வெள்ளரியைச் சந்தேகப்படுங்கள்.

பயறு மட்டும் பசி தாங்காது என்பவர்கள் அதற்கு மேல் ஒரு கை தானியம் போடலாம். சாமை, தினை சாதம் ஃப்ரிட்ஜில் கெட்டிப்பட்டு உதிர்ந்து மணல் போல ஆகும். முழுச் சோளமோ கம்போ அப்படி ஆகாது. இரவு முழுக்க ஊறவைத்து வேகவைத்தால் மூன்றாம் நாளும் மெல்ல நன்றாக இருக்கும். சாமைதான் வேண்டுமென்றால் ஒரு டம்ளருக்கு ஒன்றே முக்கால் டம்ளர் தண்ணீர் வைத்து உதிரியாக வடித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி ஆறவிடுங்கள். வேகவைத்த தானியம் எதுவாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சாதத்தில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை.

வெள்ளரியை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, கரண்டியால் விதைப் பகுதியை வழித்து எடுத்துவிடுங்கள். நறுக்கியதில் ஒரு சிட்டிகை உப்பு தூவி 10 நிமிடம் கழித்துப் பிழிந்து துடைத்தால் மூன்று நாள் தாங்கும். தக்காளி விஷயத்தில் கண்டிப்பாக இருப்பது நல்லது. கிணத்துக்கடவுச் சந்தைக்கு வரும் தக்காளி குழம்புக்கு அருமை, ஜாடிக்குள் நறுக்கிப் போட்டால் குழம்பாகவே ஆகிவிடும். சின்னதாக, கெட்டியாக இருக்கும் ஒன்றை நறுக்காமல் முழுதாகக் கையில் எடுத்துப் போய் அங்கே நறுக்கிக்கொள்ளுங்கள். மாதுளை முத்துகள் கவலையில்லாமல் போடலாம்.

இலைக்கு லெட்யூஸ்தான் வேண்டும் என்றில்லை. உழவர் சந்தையில் கிடைக்கும் முட்டைக்கோஸ் அதைவிட நன்றாகத் தாங்கும். வெளி இதழ் மூன்றை எறிந்துவிட்டு, மீதியை இதழ் இதழாகப் பிரித்து, உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிசாகச் சீவுங்கள். பாலக்கின் இளந்தளிர் சரி. அரைக்கீரை, சிறுகீரை பச்சையாகத் தின்னப் பொருந்தாது. கொத்தமல்லி, புதினாவைக் கிள்ளிப் போடலாம், அரியக் கூடாது. அரிந்த ஓரம் கறுத்துவிடும்.

உலர்த்துவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஈரிழைத் துண்டு ஒன்று போதும். சுத்தமான துண்டில் இலையைப் பரப்பி, தளர்வாகச் சுருட்டி, நான்கு முனையையும் பிடித்து மொட்டைமாடியில் நாலு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பிரித்து 20 நிமிடம் நிழலில் விடுங்கள். இலையை ஜாடியின் கழுத்து வரை லேசாக அமுக்கி நிரப்ப வேண்டும். மேலே இடைவெளி இருந்தால் வண்டியில் போகும்போது எல்லா அடுக்கும் குலுங்கிக் கலந்துவிடும். வறுத்த கடலை, எள்ளு, பொட்டுக்கடலை எதையும் உள்ளே போடாதீர்கள், இலையின் ஈரத்தில் ஒரே இரவில் நமத்துப்போகும். காகிதப் பொட்டலம் தனி.

முட்டை சேர்ப்பதாக இருந்தால் முழுதாக வேகவைத்து ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றைக்குக் காலையில் உரித்து மேலே வையுங்கள்.

இப்போது அந்த ஐந்து ஜாடிக் கணக்கு. வெந்த பயறு ஃப்ரிட்ஜில் மூன்று, மிஞ்சினால் நான்கு நாள். வெள்ளிக்கிழமை ஜாடியை ஞாயிற்றுக்கிழமையே அடுக்குவது தேவையில்லாத சூதாட்டம். ஞாயிறு மாலை மூன்று, புதன் இரவு இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமைக்கு வேண்டிய கொள்ளைச் செவ்வாய் இரவே ஊறப்போட்டு, புதன் காலையில் தண்ணீரை வடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம். மாலை வந்ததும் குக்கரில் ஏற்றினால் போதும். ஜாடியை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் குளிர் போதாது, ஃப்ரீசருக்கு நேர் கீழே வைத்தால் இலை உறைந்து கண்ணாடி போல ஆகி, பிறகு கருகியது போலத் தொங்கும்.

எடுத்துப் போவதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல். காலை 8 மணிக்குக் கிளம்பி 1 மணிக்குச் சாப்பிட்டால் ஐந்து மணி நேரம். வெந்த பயறும் தானியமும் உள்ள ஜாடி வெளிச்சூட்டில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். சித்திரை வெயிலில், 32 டிகிரிக்கு மேலே போய்விட்டால், ஒரு மணி நேரம். வேலையிடத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் போனதும் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை முக்கால் பாகம் நிரப்பி முந்தின இரவே உறையவைத்து, உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள பையில் ஜாடியை ஒட்டி நிறுத்துங்கள். அதுவும் முடியாத நாளில் பயறு, தானியம், முட்டை இல்லாமல் வெறும் கேரட், கோஸ், மாங்காய், தனிப் பொட்டலத்தில் வறுகடலை என்று எடுத்துப் போங்கள். ஆபத்து வெகுவாகக் குறையும்.

சாப்பிடும்போது ஜாடிக்குள்ளேயே கிளறப் பார்க்காதீர்கள், நிரம்பிய ஜாடியில் கரண்டி திரும்பாது. ஒரு வட்டலில் கவிழ்த்தால் இலை அடியிலும் டிரெஸ்ஸிங் மேலேயும் வந்து தானாகவே எல்லாம் நனையும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும், அதற்கு மேல் இல்லை. செவ்வாய்க்கிழமை மின்தடை என்றால் அந்த வாரம் ஞாயிறன்று இரண்டு ஜாடி மட்டும் அடுக்குங்கள். செவ்வாய்க்கான ஜாடி காலையிலேயே உங்களோடு குளிர்ப்பையில் கிளம்பிவிடும், வீட்டு ஃப்ரிட்ஜில் கெட்டுப்போக எதுவும் மிச்சம் இருக்காது.